நிமோனியாவுக்கு ஸ்டீராய்டு: கிருமியைக் கொல்லாத மருந்துக்கு அங்கே என்ன வேலை?

நிமோனியாவில் மூச்சுத்திணறி ஐசியுவில் சேர்க்கப்பட்டவருக்கு ஆன்டிபயாடிக் ஏறுகிறது என்றால் வீட்டார் தலையாட்டுவார்கள். கூடவே ஸ்டீராய்டும் போகிறது என்று சொன்னால் முகம் மாறிவிடும். "அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்தாயிற்றே டாக்டர், உடம்பில் கிருமி இருக்கும்போது அதைப் போய்க் கொடுக்கலாமா?" விவரம் தெரியாதவர் கேட்கும் கேள்வி என்று இதைத் தள்ளிவிட முடியாது. மருத்துவ உலகம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தனக்குள் அடித்துக்கொண்டது இதே கேள்வியை வைத்துத்தான்.

ஸ்டீராய்டு நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்கு, எப்போது, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டால் கிடைக்கும். அந்தப் பதிலை விளங்கிக்கொள்ள, முதலில் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நுரையீரல் என்பது கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளின் தொகுப்பு. ஒவ்வோர் அறையின் சுவரையும் ஒட்டி இரத்த நுண்குழாய்கள் ஓடுகின்றன. காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இல்லாதது. ஆக்சிஜன் அதன் வழியாகத்தான் இரத்தத்தில் கலக்கிறது. ஆரோக்கியமான நுரையீரலில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட்டால் மிதக்கும். உள்ளே அவ்வளவு காற்று. நிமோனியா முற்றிய பகுதியை வெட்டிப் போட்டால் மூழ்கிவிடும். தொட்டுப் பார்த்தால் கல்லீரலைப் போலக் கெட்டியாக இருக்கும். பழைய காலத்துப் பிணக்கூறாய்வு மருத்துவர்கள் இந்த நிலையை ஈரலாகிப்போன நுரையீரல் என்றே குறித்துவைத்தார்கள்.

காற்று இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டது எது? கிருமிக் கூட்டம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அந்த அறைகளை நிரப்பியிருப்பவற்றில் பெரும்பகுதி நம் உடம்பே அனுப்பிய சரக்கு. நிமோனியாவை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெயர்பெற்றது நிமோகாக்கஸ். பலருடைய தொண்டையில், குறிப்பாகக் குழந்தைகளின் தொண்டையில், அது சாதுவாகக் குடியிருக்கும். எப்போதாவது கீழே இறங்கிக் காற்றறைக்குள் பெருகத் தொடங்கும்போது, அங்கே காவலுக்கு இருக்கும் விழுங்கணுக்கள் அபாய அறிவிப்பாகச் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. சைட்டோகைன்கள் என்பவை இவைதான். அழைப்பு கிடைத்ததும் இரத்த நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, வெள்ளணுக்கள் சாரை சாரையாக உள்ளே நுழைகின்றன. கூடவே இரத்தத்தின் நீர்ப்பகுதியும் புரதமும் கசிகின்றன. வெள்ளணுக்கள் கிருமிமீது வீசும் நச்சுப்பொருள்கள் அந்த மெல்லிய சுவரையும் அரிக்கின்றன. செத்த கிருமி, செத்த வெள்ளணு, நீர், உறைந்த புரதம் எல்லாம் சேர்ந்த குழம்பு அறையை நிரப்புகிறது. மூச்சு வாங்குவது இதனால்தான்.

இந்தத் தற்காப்பு இல்லாவிட்டால் ஒரு சாதாரணக் கிருமியே நம்மை முடித்துவிடும். அளவோடு நடக்கும்வரை அழற்சி நமக்கு நண்பன். ஆனால் சிலருக்கு அது அளவு மீறிவிடுகிறது. திருடனைப் பிடிக்க வந்த ஊர்க்கூட்டம், திருடன் அகப்பட்ட பிறகும் கலையாமல் வீட்டுச் சாமான்களைப் போட்டு உடைப்பதைப் போன்ற நிலை அது. நுரையீரலோடு நிற்காமல் அழற்சி உடம்பெங்கும் பரவினால் இரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகம் தளரும், சித்தம் கலங்கும்.

ஆன்டிபயாடிக் எங்கே நிற்கிறது என்று இப்போது புரியும். செஃப்ட்ரியாக்ஸோன், அமாக்ஸிசிலின் போன்றவை பாக்டீரியாவின் சுவரை உடைத்து அதைக் கொல்கின்றன. அதோடு அவற்றின் வேலை முடிந்தது. கசிந்த நீரை அவை வற்றவைப்பதில்லை. வெள்ளணுக்களைத் திருப்பி அனுப்புவதுமில்லை. போதாக்குறைக்கு, உடைந்த பாக்டீரியாவின் சுவர்த் துண்டுகளும் அதன் உள்ளிருந்து வெளிப்படும் நச்சும் எதிர்ப்பு அமைப்பை மேலும் சீண்டிவிடுகின்றன. கிருமி செத்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் நோயாளியின் நிலை மோசமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதை அமெரிக்க மருத்துவர்கள் ராபர்ட் ஆஸ்திரியனும் ஜெரோம் கோல்டும் 1964இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நிமோகாக்கஸ் இரத்தத்திலும் கலந்துவிட்ட நிமோனியா நோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். பென்சிலின் வந்தபின் மொத்த இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் நோய் தொடங்கிய முதல் ஐந்து நாள்களுக்குள் நிகழும் இறப்புகளை மட்டும் பென்சிலினால் அசைக்க முடியவில்லை. சரியான மருந்து, சரியான அளவு, கிருமியும் அந்த மருந்துக்குப் பணியும் வகைதான்; ஆனாலும் அவர்கள் இறந்தார்கள். கிருமியைக் கொல்வது மட்டும் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இங்கேதான் ஸ்டீராய்டு வருகிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்கப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு குடும்பம்; அதை இங்கே மறந்துவிடலாம். நாம் பேசுவது கார்ட்டிசால் வகையைப் பற்றி. சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அதை நாள்தோறும் சுரக்கிறது. சாதாரண நாளில் சுரப்பது 10 முதல் 20 மில்லிகிராம். கடும் நோய், பெரிய அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடிகளில் அது பல மடங்கு உயரும். அதாவது அழற்சிக்குக் கடிவாளம் போடும் ஏற்பாட்டை உடம்பு தன்னிடமே வைத்திருக்கிறது. நோய் மிகக் கடுமையாகும்போது சிலருக்கு இந்தச் சுரப்பு தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது; சுரந்தாலும் செல்கள் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அந்தக் குறையை வெளியிலிருந்து ஈடுகட்டுவதே சிகிச்சையின் அடிப்படை.

கார்ட்டிசாலையே மருந்தாக்கினால் அதன் பெயர் ஹைட்ரோகார்ட்டிசோன். பிரட்னிசோலோன், மெத்தில்பிரட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் எல்லாம் அதே குடும்பத்தில் வீரியம் கூடிய உறுப்பினர்கள். இவை செல்லுக்குள் நுழைந்து, ஏற்பியோடு சேர்ந்து, கருவுக்குள் போய், சைட்டோகைன்களைத் தயாரிக்கும் மரபணுக்களின் வேகத்தைக் குறைக்கின்றன. நுண்குழாய்களின் கசிவு மட்டுப்படுகிறது. தளர்ந்துபோன இரத்தக் குழாய்கள் அட்ரீனலின் வகை மருந்துகளுக்கு மீண்டும் இசைந்து கொடுக்கின்றன. இரத்த அழுத்தம் நிமிர்கிறது. மரபணு மட்டத்தில் நடக்கும் வேலை என்பதால் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த மருந்துகள் ஒரு பாக்டீரியாவைக்கூடக் கொல்வதில்லை. ஆன்டிபயாடிக் கூடவே ஓடினால்தான் ஸ்டீராய்டுக்கு இங்கே இடம்.

எழுபது ஆண்டு வழக்கு

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் 1948இல் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். படுக்கையை விட்டு எழ முடியாதிருந்தவர் சில நாள்களில் நடமாடினார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு. அதிசய மருந்து கையில் கிடைத்துவிட்டால் எல்லா நோய்க்கும் கொடுத்துப் பார்ப்பது மருத்துவர்களின் பழைய வழக்கம். நிமோனியாவுக்கும் கொடுத்தார்கள்.

1950 வாக்கில் பாஸ்டன் மருத்துவர்கள், கார்ட்டிசாலைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனை நிமோனியா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. நோயாளிகள் தெம்பாக உணர்ந்தார்கள். ஆனால் பரிசோதித்தபோது கிருமி போகாமல் அங்கேயே இருந்தது. இந்த ஒரு காட்சியை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொண்டால் போதும், ஸ்டீராய்டைப் பற்றிய பாதிப் பாடம் முடிந்தது. ஸ்டீராய்டு கொடுத்தவுடன் காய்ச்சல் விடுவது நோய் விட்டதற்கு அடையாளமல்ல.

அடுத்த பல பத்தாண்டுகள் வழக்கு இழுபறியாகவே போனது. 2005இல் இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு அபாரமான பலன் என்றது. ஆனால் அதில் இருந்தவர்கள் 46 பேர் மட்டுமே. 2010இல் நெதர்லாந்தில் 213 பேரிடம் நடத்திய ஆய்வு, பிரட்னிசோலோனால் ஒரு பயனும் இல்லை என்றது. 2015இல் சுவிட்சர்லாந்தில் 785 பேருக்கு நடந்த ஆய்வில், பிரட்னிசோன் எடுத்தவர்களின் நிலை சராசரியாக 3 நாளில் சீரானது, எடுக்காதவர்களுக்கு 4.4 நாள் ஆனது. ஒன்றரை நாள் லாபம், ஆனால் இறப்பில் வித்தியாசம் இல்லை; இன்சுலின் தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை ஏறியவர்களும் கூடுதல். அதே ஆண்டு ஸ்பெயின் ஆய்வொன்று வேறு வழியில் யோசித்தது. நோய் தீவிரமாக இருந்து, அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதம் இரத்தத்தில் லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. 120 பேர். சிகிச்சை தோல்வியடைந்தவர்கள் ஸ்டீராய்டு தரப்பில் 13 சதவீதம், மறு தரப்பில் 31 சதவீதம்.

முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும் இந்த முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு சங்கதி பிடிபடும். லேசான நோயாளிகளை நிறையச் சேர்த்துக்கொண்ட ஆய்வுகளில் பலன் மங்கலாக இருக்கிறது; அழற்சி கொழுந்துவிட்டு எரிகிறவர்களைப் பொறுக்கி எடுத்த ஆய்வுகளில் பலன் தெரிகிறது. எரியாத இடத்தில் மருந்துக்கு அணைக்க ஒன்றும் இல்லை, பக்கவிளைவு மட்டும் மிச்சம்.

இடையில் கொரோனா வந்தது. அது வைரஸ், நம் தலைப்புக்கு வெளியே இருப்பது. ஆனாலும் 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு காட்டிய படிநிலை இங்கேயும் கைகொடுக்கும். நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை 41 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாகக் குறைத்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் குறைவு சிறியது: 26இலிருந்து 23. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் இல்லை. இறப்பு 14 சதவீதத்துக்குப் பதில் 17.8 என்று எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மருந்தும் அளவும் ஒன்றே. நோயாளி எந்தப் படியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறியது.

பிரான்சின் 800 பேர்

தராசைச் சாய்த்த ஆய்வுக்குக் கேப் காட் என்று பெயர். பிரான்சில் 31 மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2015 முதல் 2020 வரை நடந்தது. 1,200 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். 800 பேர் சேர்ந்த நிலையில் கொரோனா குறுக்கிட்டது. அதுவரை கிடைத்த தரவுகளை இடைக்காலமாகப் பரிசீலித்து, அதோடு நிறுத்திக்கொண்டார்கள். 2023 மார்ச்சில் முடிவு வெளியானது.

இந்த ஆய்வைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பிற்பாடு எல்லாரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். சேர்க்கப்பட்டவர்கள் வெளியிலிருந்து நிமோனியாவோடு வந்த பெரியவர்கள். மருத்துவமனையில் இருக்கும்போது நிமோனியா பிடித்தவர்கள் அல்லர். எல்லாருக்கும் நோய் தீவிரம்: வென்டிலேட்டர் அல்லது உயர் அளவு ஆக்சிஜன் தேவைப்படும் நிலை. ஃப்ளூவால் நிமோனியா வந்தவர்களைச் சேர்க்கவில்லை. தொற்றால் இரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலைக்கு ஏற்கெனவே போய்விட்டவர்களையும் சேர்க்கவில்லை. எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் உண்டு. பாதிப்பேருக்கு அதோடு ஹைட்ரோகார்ட்டிசோன், மீதிப்பேருக்கு அதைப்போலவே தோற்றமளிக்கும் வெற்று மருந்து. யாருக்கு எது போகிறது என்று மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

அளவு, நாளுக்கு 200 மில்லிகிராம். நெருக்கடியில் உடம்பு தானே சுரக்க முயலும் உச்ச அளவை ஒட்டியது இது. ஒரேயடியாகச் செலுத்தாமல், சிரிஞ்ச் பம்ப் வழியாக 24 மணி நேரமும் சொட்டிக்கொண்டே இருக்கும்படி வைத்தார்கள். மணிக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வரும். நோய் தீவிரமடைந்ததற்கான அறிகுறி தென்பட்ட 24 மணி நேரத்துக்குள் தொடங்கினார்கள். நான்காம் நாள் நோயாளியைப் பார்த்து, தேறிவருகிறார் என்றால் அன்றிலிருந்து குறைத்து மொத்தம் 8 நாளில் முடித்தார்கள். இல்லையென்றால் 14 நாள் வரை. ஐசியுவை விட்டு வெளியேறினால் மருந்தும் நின்றது.

28 நாள்களுக்குள் இறந்தவர்கள் வெற்று மருந்துத் தரப்பில் 11.9 சதவீதம், ஹைட்ரோகார்ட்டிசோன் தரப்பில் 6.2 சதவீதம். தொடக்கத்தில் வென்டிலேட்டர் இல்லாதிருந்தவர்களில் பிறகு தொண்டையில் குழாய் போட வேண்டியவர்கள் 29.5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தார்கள். பயந்ததுபோல் மருத்துவமனைத் தொற்றுகள் கூடவில்லை; வயிற்றில் இரத்தக் கசிவும் கூடவில்லை. இன்சுலின் மட்டும் முதல் வாரத்தில் அதிகம் தேவைப்பட்டது.

"இறப்பு பாதியாகக் குறைந்தது" என்று செய்தியாளர்கள் எழுதினார்கள். தவறில்லை. ஆனால் அந்த வாக்கியம் மருந்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுகிறது. நூறு நோயாளிகளாக எண்ணிப் பாருங்கள். ஸ்டீராய்டு இல்லாமலே 88 பேர் பிழைத்திருப்பார்கள். ஸ்டீராய்டு கொடுத்தும் 6 பேரைக் காப்பாற்ற முடிவதில்லை. நடுவில் இருக்கும் 6 பேரின் உயிர்தான் மருந்தின் கணக்கில் வருகிறது. அதாவது ஏறக்குறைய 17, 18 பேருக்குக் கொடுத்தால் ஓர் உயிர் மிஞ்சும். விலை மலிவான, பழைய மருந்து ஒன்றுக்கு இது மிகப் பெரிய காரியம். அதே சமயம், அந்த 17 பேரில் மற்றவர்கள் பலன் இல்லாமல் சர்க்கரை ஏற்றத்தை மட்டும் சுமக்கிறார்கள் என்பதும் கணக்கில் உண்டு.

இந்த ஓர் ஆய்வோடு வழக்கு முடிந்துவிடவில்லை. கேப் காட் முடிவு வருவதற்கு முந்தைய ஆண்டு, 2022இல், அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 584 பேரிடம் மெத்தில்பிரட்னிசோலோனைச் சோதித்தபோது இறப்பு குறையவில்லை. அங்கே மருந்தைத் தொடங்க மூன்று நான்கு நாள் வரை அவகாசம் இருந்தது. தாமதம் பலனைத் தின்றுவிட்டது என்பது பலரின் ஊகம், எனக்கும் அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது. பல நாடுகளில் நடந்த ரீமேப்-கேப் ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. அதிலும் ஹைட்ரோகார்ட்டிசோன் இறப்பைக் குறைத்ததாகக் காட்ட முடியவில்லை. அதே ஆண்டு கென்யாவின் அரசு மருத்துவமனைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வோ, குறைந்த அளவு ஸ்டீராய்டு 30 நாள் இறப்பை 26 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 23 சதவீதமாகக் குறைத்தது என்றது. ஐசியு வசதி அரிதான சாதாரண வார்டுகளில் நடந்தது என்பதால், பிரெஞ்சு ஆய்வைவிட இது நம் மாவட்ட மருத்துவமனைகளின் நிலைமைக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம்.

வழிகாட்டுதல்கள் எவ்வளவு வேகமாக மாறின என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கமும் தொற்றுநோய் மருத்துவர் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், நிமோனியாவுக்கு வழக்கமாக ஸ்டீராய்டு கொடுக்க வேண்டாம் என்றது. 2024இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம், தீவிரமான பாக்டீரியா நிமோனியாவுக்குக் கொடுக்கும்படி உறுதியாகவே பரிந்துரைத்தது. தீவிரமற்ற நிமோனியாவைப் பற்றி மட்டும் அது எந்தப் பக்கமும் வாய் திறக்கவில்லை.

தீவிரம் என்பதை எப்படி அளக்கிறார்கள்?

மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தொடுவது, இரத்த அழுத்தம் இறங்குவது, குழப்பமாகப் பேசுவது, யூரியா கூடுவது, எக்ஸ்ரேயில் நுரையீரலின் பல பகுதிகள் வெளுத்துத் தெரிவது, எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தும் இரத்தத்தில் அது ஏறாமல் இருப்பது: இவற்றில் பல சேர்ந்தால் தீவிரம். வென்டிலேட்டரோ, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் மருந்தோ தேவைப்பட்டால் கேள்வியே இல்லை. இவற்றில் மூச்சை எண்ணுவதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம், கடிகாரம் போதும். ஆனால் நம் ஊரில் காய்ச்சலை அளக்காத வீடு இல்லை, மூச்சை எண்ணிப் பார்த்த வீடு அபூர்வம்.

சி.ஆர்.பி. பரிசோதனையும் உதவும். பல ஆய்வுகளின் நோயாளித் தரவுகளை ஒன்றுசேர்த்து அலசியபோது, லிட்டருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் ஸ்டீராய்டின் பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆய்வகச் சீட்டைப் பார்த்துத் தாங்களே முடிவுகட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சில ஆய்வகங்கள் லிட்டர் கணக்கிலும் சில டெசிலிட்டர் கணக்கிலும் அச்சிடுகின்றன. இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்.

நேரத்தின் முக்கியத்துவத்துக்கு மூளையுறைக் காய்ச்சல் நல்ல உதாரணம். 2002இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், பாக்டீரியா மூளையுறைக் காய்ச்சல் வந்த 301 பெரியவர்களிடம் ஆன்டிபயாடிக்கின் முதல் ஊசிக்குக் கால் மணி நேரம் முன்போ அதோடு சேர்த்தோ டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பார்த்தார்கள். இறப்பு 15 சதவீதத்திலிருந்து 7 ஆனது. கிருமியின் சுவர் உடைந்து சிதறும் அந்தக் கணத்துக்கு முன்பே கடிவாளம் தயாராக இருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. ஆனால் மலாவியில் நடந்த ஆய்வில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு நாட்டின் முடிவை அப்படியே இன்னொரு நாட்டுக்குப் பெயர்த்து நடுவது எவ்வளவு கடினம் என்பது இதில் தெரிகிறது.

நம் மண்ணில் கூடுதல் கவனம்

பிரான்சில் ஐசியுவுக்கு வரும் நிமோனியா நோயாளிக்குக் காசநோய் இருக்கும் வாய்ப்பு சொற்பம். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப்பேர் இருக்கும் இந்தியாவில் நிலைமை வேறு. எக்ஸ்ரேயில் நிமோனியாபோல் தெரிவது காசநோயாக இருந்து, அதற்கான மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் போனால், முதல் சில நாள் நோயாளி தேறுவதுபோல் தெரிந்து பிறகு சரிவார். அதனால் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம், மழைக்காலத்தையொட்டித் தலைகாட்டும் மீலியாய்டோசிஸ் என்ற மண்வழித் தொற்றும் நிமோனியா வேடத்தில் வரும். வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் அதற்குப் போதாது. வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களின் தோல் வழியே ஏறிக் குடலில் பல ஆண்டுகள் ஓசைப்படாமல் இருக்கும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு, ஸ்டீராய்டு போனதும் கட்டுமீறிப் பெருகி உயிருக்கே உலை வைக்கும். ஐவர்மெக்டின் மாத்திரையால் தடுத்துவிடக்கூடிய ஆபத்து இது, யாராவது நினைவில் வைத்திருந்தால்.

ஃப்ளூவால் வரும் நிமோனியாவுக்கு ஸ்டீராய்டு நல்லதைவிடக் கெடுதலே செய்வதாக இதுவரையிலான தரவுகள் சொல்கின்றன. பூஞ்சைத் தொற்றுகளில் பலவற்றுக்கும் அப்படியே. எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் நிமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நிமோனியா மட்டும் விதிவிலக்கு. அதில் ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கு ஸ்டீராய்டு 1990 முதலே சிகிச்சையின் பகுதி. குழந்தைகளின் நிமோனியாவுக்கு மேலே சொன்ன எதையும் பொருத்தக் கூடாது. பேசப்பட்ட ஆய்வுகள் பெரியவர்களிடம் நடந்தவை.

சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு கல்லீரலைத் தூண்டிச் சர்க்கரையை வெளியேற்றவைக்கிறது. இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குகிறது. அதுவரை சர்க்கரை நோயே இல்லாதவருக்குக்கூட 300ஐத் தாண்டலாம். ஐசியுவில் சில மணிக்கொருமுறை விரல் நுனியில் குத்திப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைப்பது இதற்காகத்தான். இந்தக் கண்காணிப்பு இல்லாமல், வீரியமான ஸ்டீராய்டைத் தேவையில்லாதவருக்கும் தேவைக்கு மேலான நாள்களும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 2021இல் இந்தியா பார்த்தது. கறுப்புப் பூஞ்சை என்று பேசப்பட்ட நோய் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோரிடம் சர்க்கரையும் ஸ்டீராய்டும் கைகோத்திருந்தன. தூக்கமின்மை, மனக்குழப்பம், தசைத் தளர்ச்சி ஆகியவையும் பக்கவிளைவுகளில் சேரும். சில நாள் சிகிச்சையில் இவை பெரும்பாலும் தற்காலிகம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, காய்ச்சலும் இருமலும் வந்தால் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கேட்டு வாங்கலாம் என்று யாரேனும் நினைத்தால் என் எழுத்தில் ஏதோ கோளாறு. கேட்டு வாங்க வேண்டியதே இல்லை என்பது இன்னொரு கொடுமை. மருத்துவர் சீட்டு இல்லாமல் நான்கைந்து நிறத்தில் சேர்த்து மடித்துக் கொடுக்கும் செட் மாத்திரையில், பெயர் தெரியாத அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை பல சமயம் டெக்சாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோதான். ஒரு வேளைக்குள் காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, ஆள் எழுந்து உட்காருவார். கடைக்காரருக்குக் கைராசிக்காரர் என்ற பெயரும் கிடைக்கும். பாஸ்டன் நோயாளிகளுக்கு நடந்ததும் இதுவே. அவர்களுக்கு மருத்துவமனையில் கிருமிப் பரிசோதனை செய்ய ஆள் இருந்தது. செட் மாத்திரை வாங்கியவருக்கு இல்லை. நிமோனியா உள்ளே பரவிக்கொண்டிருக்க, இரண்டு மூன்று நாள் கழித்து மூச்சுத்திணறலோடு வந்து சேர்வார். லேசான நிமோனியாவுக்குச் சரியான ஆன்டிபயாடிக், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தண்ணீர், ஓய்வு, இரண்டு நாளில் மறுபடி மருத்துவரைப் பார்ப்பது, இவ்வளவு போதும்.

இதற்கு நேர்மாறான நிலையில் ஒரு கூட்டம் இருக்கிறது. ஆஸ்துமா, முடக்குவாதம், சிறுநீரக நோய் போன்றவற்றுக்காக மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள். வெளியிலிருந்து தொடர்ந்து வருவதால் இவர்களின் அட்ரீனல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். நிமோனியா வந்ததும் "தொற்று நேரத்தில் ஸ்டீராய்டு கூடாது" என்று தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டால், உடம்புக்குக் கார்ட்டிசால் அதிகம் வேண்டிய நேரத்தில் சுத்தமாக இல்லாமல் போகும். இரத்த அழுத்தம் தரைதட்டும். இவர்கள் நிறுத்தவே கூடாது. நெருக்கடியில் அளவைக் கூட்டவும் வேண்டியிருக்கலாம், அதை மருத்துவர் முடிவுசெய்வார். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியது இந்த மாத்திரையைப் பற்றித்தான். பெயர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்துப்போகலாம்.

ஐசியு வாசலில் நிற்கும் உறவினர் மருத்துவரிடம் கேட்கத்தக்க கேள்விகளும் இதிலிருந்தே கிடைக்கின்றன. எத்தனை நாள் கொடுப்பதாகத் திட்டம்? சர்க்கரையை எவ்வளவு அடிக்கடி பார்க்கிறீர்கள்? ஃப்ளூவும் காசநோயும் இல்லை என்று பார்த்தாயிற்றா? நோயாளிக்கு முன்பே இருக்கும் சர்க்கரை நோய், பழைய காசநோய், வயிற்றுப்புண், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லிவிடலாம். ஐசியுவில் தொடங்கிய ஸ்டீராய்டு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் அதன் பெயர் இருந்தால், எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்பதை அதிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.